தீர்ப்பாயம் தந்த தடையும் குற்றவியல் வழக்கும்

திருப்பதியில் யாத்திரிகர் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மிடம் இரண்டு காகிதங்களைக் கொண்டுவந்து காட்டினார். நாம் மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கிறோம் என்பதனால், ஆங்கிலத்தில் வரும் சர்க்கார் காகிதம் எதுவாயினும் நம்மிடம் பொருள் கேட்பது சித்தூர், திருப்பதிப் பக்கத்து உறவினருக்கும் அவர்களுடைய நண்பர்களுக்கும் வழக்கமாகிவிட்டது. முதற் காகிதம், வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஹைதராபாத் அமர்வு பிறப்பித்த ஆணை. மேல்முறையீடு முடியும் வரையில் அவரிடமிருந்து வரிப் பாக்கியையும் தண்டத் தொகையையும் வசூலிக்கலாகாது என்று அது கூறிற்று. மற்றொன்று, குற்றவியல் நீதிமன்றத்தின் அழைப்பாணை. வரி ஏய்க்க முயன்றதாகவும் பொய்யான வருமான அறிக்கை அளித்ததாகவும் துறையார் தொடுத்த வழக்கில் குறித்த நாளன்று நேரில் வருமாறு அது பணித்தது.

“டிரிப்யூனலே ஸ்டே கொடுத்துவிட்டது. அப்புறம் எதற்கு ஐயா கோர்ட்டுக்குப் போவது? ஸ்டே நகலைத் தபாலில் அனுப்பினால் போதும் என்கிறார்கள்” என்றார் அவர்.

குறித்த நாளுக்கு ஒன்பது நாட்களே எஞ்சியிருந்தன. அவர் போகாமல் இருந்திருப்பாராயின் அடுத்து வரக்கூடியது பிடியாணை. இவ்வளவிற்கும் அவர் சட்டத்தை மதியாதவர் அல்லர். மேலான ஓர் அமைப்பு ‘நிறுத்து’ என்று சொன்னபின் கீழுள்ளவை எல்லாம் நின்றுவிடும் என்பது அவருடைய எண்ணம். இந்த எண்ணம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறி வைத்திருப்போர், சித்தூரைச் சுற்றி மாம்பழக்கூழ் ஆலை நடத்துவோர் எனப் பலரிடமும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறோம். ஆகவே, வரித் தீர்ப்பாயத்தின் உள்ளார்ந்த அதிகாரம் எதுவரையில் செல்லும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பதைச் சற்று விரித்துரைப்பது பயனுடையதாகும்.

முதலில் தீர்ப்பாயம் என்பது இன்னதென்று அறிந்துகொள்வோம். 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 1939இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பயனாக, 1941 ஜனவரி 25ஆம் நாள் இது தோன்றியது. வரி விதிக்கும் அதிகாரியின் ஆணை தவறு என்று கருதுபவர் முதலில் துறைக்குள்ளேயே உள்ள மேல்முறையீட்டு ஆணையரிடம் செல்வார். அங்கும் குறை தீரவில்லையெனில் தீர்ப்பாயத்தை அணுகுவார். துறையாரும் அவ்வாறே அணுகலாம். தீர்ப்பாயம் நிதி அமைச்சகத்தின் கீழ் அமையாமல் சட்ட அமைச்சகத்தின் பொறுப்பில் அமைந்திருப்பது கவனிக்கத் தக்கது. வரி வசூலிப்பவரின் கையில் வரி வழக்கின் தராசு இருத்தலாகாது என்பதே அதன் கருத்து. கணக்குப் புத்தகம் உண்மையா, கடன் கொடுத்ததாகச் சொல்லப்படுபவர் உண்மையில் கொடுத்தாரா, மறைக்கப்பட்ட வருமானம் என்று ஒன்று உண்டா என்பன போன்ற நிகழ்ச்சிப் பொருள்களில் தீர்ப்பாயத்தின் முடிவே இறுதியானது. அதற்கு மேல் உயர்நீதிமன்றம் செல்ல வேண்டுமானால் கனமான சட்டப் பிரச்சினை ஒன்று இருத்தல் வேண்டும்.

(இக்கட்டுரையில் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்களையே குறிக்கிறோம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் மாறியுள்ளன. ஆயினும் இங்கே எடுத்துக்காட்டும் தீர்ப்புகள் யாவும் பழைய எண்களாலேயே பேசுகின்றன.)

இனி, ‘உள்ளார்ந்த அதிகாரம்’ என்னும் சொல்லுக்கு வருவோம். மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இச்சொல் நெடுநாளைய தலைவலி. ஆங்கிலத்தில் இரு வேறு சொற்களால் குறிக்கப்படும் இரு வேறு அதிகாரங்களைத் தமிழில் அவசரமாக எழுதுவோர் இவ்வொரு சொல்லாலேயே குறித்துவிடுகின்றனர். நீதிமன்றம் என்ற ஒன்று இருக்கும் காரணத்தினாலேயே, சட்டம் எழுதிக் கொடுக்காவிடினும் அதனிடம் இருப்பதாகக் கருதப்படும் அதிகாரம் ஒன்று. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 151ஆம் பிரிவு அத்தகைய அதிகாரத்தைப் புதிதாகக் கொடுக்கவில்லை; முன்பே இருப்பதை ஒப்புக்கொள்கிறது. மற்றொன்று, சட்டம் வெளிப்படையாகக் கொடுத்த ஓர் அதிகாரத்தைப் பயனுள்ளதாக்கும் பொருட்டு அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் துணை அதிகாரம். வீட்டை ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்தால், வாசலுக்குச் செல்லும் நடைவழியையும் கொடுத்ததாகவே கொள்ள வேண்டும் அல்லவா? ஆனால், நடைவழி கிடைத்தது என்பதற்காகப் பக்கத்து வீட்டுக் கதவைத் திறக்கும் உரிமை பிறந்துவிடாது. தீர்ப்பாயத்திற்கு உள்ளது இந்த இரண்டாம் வகை அதிகாரமே. ஏனெனில் அது சட்டத்தினால் உண்டாக்கப்பட்ட அமைப்பு. அச்சட்டம் வகுத்த எல்லைக்குள்ளேயே அது வாழ்கிறது.

இத்துணை அதிகாரத்தை நாடறியச் செய்தது 1968 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. கண்ணனூர் வருமான வரி அதிகாரிக்கும் முகமது குன்ஹி என்பவருக்கும் இடையே நடந்த வழக்கு அது. மேல்முறையீட்டை முடிவு செய்யும் வரையில் வசூலை நிறுத்தி வைக்குமாறு கேட்டபோது, தனக்கு அவ்வதிகாரம் இல்லை என்று தீர்ப்பாயம் கை விரித்தது. சட்டத்தின் 254ஆம் பிரிவு, மேல்முறையீட்டில் தக்கதெனத் தோன்றும் ஆணையைப் பிறப்பிக்கலாம் என்று கூறிற்றேயன்றி, இடைக்காலத் தடை பற்றி அக்காலத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் உண்டு என்றது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வசூல் அதிகாரி வீட்டையும் கடையையும் ஏலத்தில் விற்று முடித்தபின் மேல்முறையீட்டில் வென்று என்ன பயன்? மேல்முறையீட்டை விசாரிக்கும் அதிகாரம், அம்மேல்முறையீடு வெறும் காகிதமாகிவிடாமல் காக்கும் அதிகாரத்தையும் உள்ளடக்கியது என்பதே அத்தீர்ப்பின் சாரம். கேட்டவர்க்கெல்லாம் தடை கொடுக்கலாகாது, வழக்கில் வலுவிருப்பது முதற் பார்வையிலேயே தெரிய வேண்டும், தடை இல்லையேல் மேல்முறையீட்டின் நோக்கமே கெடும் என்ற நிலை இருக்க வேண்டும் என்னும் எச்சரிக்கைகளும் அதில் உண்டு.

பின்னர்ச் சட்டமே இதனை ஏற்று, 254ஆம் பிரிவில் தடைக்கு இடமும் காலவரம்பும் வகுத்தது. முதலில் 180 நாட்கள், நீட்டித்தாலும் மொத்தம் 365 நாட்கள் என்பது கணக்கு. பிரச்சினைக்குரிய தொகையில் 20 விழுக்காட்டைச் செலுத்தவோ அதற்கு ஈடு காட்டவோ வேண்டும் என்ற நிபந்தனை 2020இல் சேர்ந்தது. வரி செலுத்துபவர்மீது தவறில்லாமல் மேல்முறையீடு தாமதமானாலும் 365 நாட்கள் கழிந்ததும் தடை தானே அற்றுப்போகும் என்றிருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஏற்க மறுத்தது. தாமதத்திற்கு வரி செலுத்துபவரே காரணமாயிருந்தால் மட்டும் தடை அற்றுப்போகும் என்று அதனைச் சுருக்கிற்று. இவையெல்லாம் வசூலைப் பற்றியவை. திருப்பதி அன்பரின் முதற் காகிதம் இவ்வழியில் வந்ததுதான். அதன் மதிப்பில் ஐயம் ஏதுமில்லை.

ஆயின், வசூலை நிறுத்தும் அதே அதிகாரத்தினால் குற்ற வழக்கையும் ஏன் நிறுத்தலாகாது? கேள்வி நியாயமானது, எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. ஒரே வருமானம், ஒரே கணக்கு, ஒரே குற்றச்சாட்டு. வருமானம் மறைக்கப்பட்டதா இல்லையா என்பதே தீர்ப்பாயத்தின் முன் முடிவாகாமல் இருக்கும்போது, மறைத்தார் என்று ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது முறையோ? மேல்முறையீட்டில் வெல்பவருக்குப் பணம் திரும்பிவிடும். சிறைக்குச் சென்று வந்த நாட்கள் திரும்புமோ? 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 276சி பிரிவு, ஏய்க்க முயன்ற வரி 25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டதாயின் ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஏழாண்டு வரை கடுங்காவல் விதித்திருந்தது. பணத்தைவிடப் பெரிய இழப்பைத் தடுக்கத் தீர்ப்பாயத்தால் இயலாது என்பது முதலில் கேட்கும்போது வியப்பையே தரும்.

விடையை மூன்று படிகளில் காணலாம். முதற்படி: தீர்ப்பாயத்தின் துணை அதிகாரம் மேல்முறையீடு என்னும் கொம்பில் படர்ந்த கொடி, கொம்பு இல்லாத இடத்தில் கொடி ஏறாது. எவ்வெவ் ஆணைகளை எதிர்த்துத் தீர்ப்பாயத்திற்கு வரலாம் என்பதை 253ஆம் பிரிவு ஒவ்வொன்றாகக் குறிப்பிடுகிறது. குற்ற வழக்குத் தொடர ஆணையர் அளிக்கும் ஒப்புதல் 279ஆம் பிரிவின் கீழ் வருவது. அது அப்பட்டியலில் இல்லை. நடுவர் வழக்கைக் கோப்பில் ஏற்று அழைப்பாணை அனுப்பியதும் அதில் இல்லை. தீர்ப்பாயம் எவ்வாறும் திருத்த இயலாத ஒன்றை, இடைக்காலத்திற்கு மட்டும் நிறுத்துவது எங்ஙனம்?

இரண்டாம் படி: வசூல் அதிகாரி வரித்துறையின் அலுவலர். அவர் தீர்ப்பாயத்தின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர். நடுவரோ உயர்நீதிமன்றத்தின் மேற்பார்வையில் உள்ளவர். தீர்ப்பாயத்திற்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். இங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். முழு அதிகாரம் படைத்த உரிமையியல் நீதிமன்றமேகூட, குற்றவியல் விவகாரம் ஒன்றைத் தொடுக்கவோ நடத்தவோ கூடாதென்று ஒருவருக்கு உறுத்துக்கட்டளை இடலாகாது என 1963ஆம் ஆண்டுத் தனியுறு தீர்வுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு தெளிவாகத் தடுக்கிறது. நீதிமன்றத்திற்கே மறுக்கப்பட்ட ஒன்றைத் தீர்ப்பாயம் தன் துணை அதிகாரத்தால் பெறும் என்று கொள்வது பொருந்தாது.

மூன்றாம் படி நுட்பமானது. வசூல் நடந்தால் மேல்முறையீடு பயனற்றுப் போகும்; குற்ற வழக்கு நடந்தால் மேல்முறையீடு பயனற்றுப் போவதில்லை. தீர்ப்பாயம் தன் முடிவை எப்போது சொன்னாலும் அம்முடிவைக் குற்றவியல் நீதிமன்றத்தின் முன் வைக்க வழியுண்டு. பணமும் சொத்தும் போனபின் தீர்ப்பாயம் தன் ஆணைக்கு உயிர் கொடுக்க இயலாமற் போகலாம் என்பதனால் பிறந்த அதிகாரம், அந்த ஆபத்து இல்லாத இடத்திற்கு நீள்வதில்லை.

254ஆம் பிரிவில், மேல்முறையீடு தொடர்பான எந்நடவடிக்கையிலும் தடை வழங்கலாம் என்னும் கருத்துடைய சொற்கள் உள்ளன. ‘எந்நடவடிக்கையிலும்’ என்பதை அழுத்தி வாசித்துக் குற்ற வழக்கும் அதில் அடங்கும் என வாதிடுவோரைச் சந்தித்திருக்கிறோம். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் சிறிது இடம் பெயர்ந்தால் எவ்வளவு பெரிய மாளிகை எழும் என்பதற்கு இது சான்று. மேல்முறையீட்டோடு ஒரே நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்வது வேறு. மேல்முறையீட்டைச் சார்ந்து நிற்பது வேறு. அண்ணன் தம்பி இருவரும் ஒரே தகப்பனாரின் மக்கள். ஆனால் அண்ணனுக்கு வந்த கடிதத்தைத் தம்பிக்கு வந்ததாகக் கொள்வாரில்லை. குற்ற வழக்கும் வரி மேல்முறையீடும் அத்தகைய உடன்பிறப்புகள் என்பதே நமது கருத்து.

இவ்வுடன்பிறப்புகளின் உறவை நன்கு விளக்கியது நம் தூத்துக்குடியிலிருந்து சென்ற வழக்கு. ஜெயப்பன் வழக்கு என்று சட்ட அறிக்கைகளில் வழங்கும் அதில், உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. வருமானத்தை மீண்டும் கணக்கிடும் நடவடிக்கை முடியாமல் இருக்கும்போதே தூத்துக்குடி வருமான வரி அதிகாரி குற்ற வழக்குத் தொடுத்துவிட்டார். அது முடியட்டும், அதுவரை வழக்கு நிற்கவேண்டும் என்று கேட்டபோது சென்னை உயர்நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் மறுத்தது. வரி நடவடிக்கை நிலுவையில் இருப்பது குற்ற வழக்கிற்குத் தடையாகாது. குற்றவியல் நீதிமன்றம் தன் முன் வைக்கப்படும் சாட்சியத்தைக் கொண்டு தானே முடிவு செய்ய வேண்டும் என்றது. ஆனால் அத்துடன் நின்றுவிடவில்லை. வரி நடவடிக்கையில் வரும் முடிவுக்குக் குற்றவியல் நீதிமன்றம் உரிய மதிப்பளிக்கலாம். தக்க வழக்கில் அம்முடிவைக் கண்டு குற்ற நடவடிக்கையையே கைவிடலாம். அம்முடிவு வருமட்டும் விசாரணையைத் தள்ளிவைப்பதும் அந்நீதிமன்றத்தின் விருப்புரிமையைச் சேர்ந்தது என்றும் கூறிற்று. அவ்விருப்புரிமையைக் கண்டபடி பயன்படுத்தலாகாது. வரி நடவடிக்கை நீளும் என்ற ஒரே காரணத்திற்காக வழக்குகளை ஆண்டுக்கணக்கில் உறங்கவிடுவதும் கூடாது.

தள்ளிவைக்கும் திறவுகோல் நடுவரின் கையில் இருக்கிறது. தீர்ப்பாயத்தின் கையில் இல்லை. திருப்பதி அன்பர் தபாலில் அனுப்ப எண்ணிய நகலை நேரில் எடுத்துச் சென்று ஒரு மனுவோடு கொடுத்தால், அதே காகிதம் வேறு வேலை செய்யும். அப்போதும் அது நடுவருக்கு இடப்பட்ட கட்டளையாகாது. அவர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

தீர்ப்பாயத்தின் இறுதி முடிவுக்கு உள்ள வலிமை இதனினும் பெரிது. 1982இல் அமிர்தசரஸ் வழக்கொன்றில், ஒரு கூட்டு வணிக நிறுவனம் போலியானது என்ற அடிப்படையில் குற்ற வழக்குத் தொடரப்பட்டது. நிறுவனம் உண்மையானதே என்று தீர்ப்பாயம் கண்டது. உச்ச நீதிமன்றம் குற்ற வழக்கை நீக்கிவிட்டது. 2004 ஜனவரியில் முடிவான கே.சி. பில்டர்ஸ் வழக்கு நமக்கு இன்னும் அண்மையானது, சென்னையில் எழுந்தது. வருமானத்தை மறைத்தார்கள் என்பதற்காக விதிக்கப்பட்ட தண்டம், மறைப்பு இல்லை என்ற தீர்ப்பாயத்தின் முடிவைத் தொடர்ந்து நீக்கப்பட்டது. எனினும் எழும்பூர் நீதிமன்றத்தில் இருந்த குற்ற வழக்கு நீங்கவில்லை. உயர்நீதிமன்றமும் நீக்க மறுத்தது. உச்ச நீதிமன்றம் நீக்கியது. மறைப்பே இல்லை என்றான பின் மறைத்ததற்கான வழக்கு எதன்மேல் நிற்கும்? சுவர் இடிந்தபின் சித்திரம் எழுத இயலாது.

தீர்ப்பாயம் வென்றவர்க்கெல்லாம் இவ்விடுதலை கிடைக்குமா எனின், இல்லை. இதற்கொரு அளவுகோலை 2011இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு வகுத்தது. அது அந்நியச் செலாவணிச் சட்ட வழக்கு. எனினும் விதி இங்கும் பொருந்தும். குற்றச்சாட்டின் உள்ளீட்டை ஆராய்ந்து, இவர் மீது தவறில்லை என்று விடுவித்திருந்தால் அதே குற்றச்சாட்டின்மீது குற்ற வழக்கைத் தொடரலாகாது. அறிவிப்பு உரிய காலத்தில் அனுப்பப்படவில்லை, அதிகாரிக்கு எல்லை வரம்பு இல்லை என்பன போன்ற நடைமுறைக் குறையினால் விடுவித்திருந்தால் குற்ற வழக்கு தொடரலாம். ஆகவே தீர்ப்பாயத்தின் ஆணையில் ‘மேல்முறையீடு ஏற்கப்பட்டது’ என்ற கடைசி வரியை மட்டும் படித்து மகிழ்பவர் பாதியே படித்தவராவார். எக்காரணத்தால் ஏற்கப்பட்டது என்பதே நடுவர் கேட்கும் கேள்வி.

குற்றத்தின் வகையும் பார்க்க வேண்டும். உரிய காலத்தில் வருமான அறிக்கையே தாக்கல் செய்யாதது குற்றம் எனப்படும் இடத்தில், காலம் கடந்த அன்றே குற்றம் முடிந்துவிடுகிறது. 2014 ஜனவரியில் சசி என்டர்பிரைசஸ் வழக்கில், வரி நிர்ணயம் குறித்த மேல்முறையீடு நிலுவையில் இருப்பது இவ்வகை வழக்கிற்குத் தடையாகாது என உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வருமானம் எவ்வளவு என்பதைத் தீர்ப்பாயம் எப்படி முடிவு செய்தாலும், அறிக்கை வராத நாள் வந்த நாளாகிவிடாது.

தமிழில் இவ்விடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. வரி அதிகாரி விதிப்பது தண்டம். நீதிமன்றம் விதிப்பது தண்டனை. இரண்டும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். பேச்சு வழக்கில் இரண்டையும் ‘அபராதம்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். சித்தூர்ப் பக்கம் தெலுங்கில் பேசினாலும் தமிழில் பேசினாலும் இதே கதைதான். தண்டத்தைத் தீர்ப்பாயம் நிறுத்தலாம், குறைக்கலாம், அறவே நீக்கலாம். தண்டனை தீர்ப்பாயத்தின் வாசலுக்கே வருவதில்லை. அவ்வன்பரின் குழப்பத்தில் நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பங்குண்டு. ‘நடவடிக்கைகளுக்குத் தடை’ என்று பொதுப்படையாக எழுதிய காகிதம் நம் மேசையிலிருந்தும் சென்றிருக்கிறது. ‘வசூலுக்குத் தடை’ என்று எழுதியிருந்தால் ஒரு சொல்தான் மாறியிருக்கும்.

தீர்ப்பாயத்திற்குக் குற்றவியல் உலகத்தோடு தொடர்பே இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. 255ஆம் பிரிவின்படி அதன் முன் நடப்பது நீதிமுறை நடவடிக்கையாகக் கருதப்படும். அங்கு வந்து பொய்ச் சான்று அளிப்பவர்மீது முறைப்படி குற்ற முறையீடு செய்யும் நிலையில் அது வைக்கப்பட்டிருக்கிறது. தன் முன் நடந்த பொய்க்கு ஒரு குற்ற வழக்கைத் தொடங்கிவைக்கலாம். துறை வேறிடத்தில் தொடங்கிய வழக்கை நிறுத்தலாகாது. இதில் முரண்பாடு இருப்பதுபோல் தோன்றும். முன்னது சட்டம் பெயர் சொல்லிக் கொடுத்தது. பின்னது எங்கும் கொடுக்கப்படாதது.

அவ்வாறாயின் குற்ற வழக்கை நிறுத்தும் உள்ளார்ந்த அதிகாரம் யாரிடம் உள்ளது? உயர்நீதிமன்றத்திடம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482ஆம் பிரிவு காத்துவந்த அவ்வதிகாரம், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 528ஆம் பிரிவாக இருக்கிறது. சித்தூர்க்காரருக்கு உயர்நீதிமன்றத்தின் திசை பலமுறை மாறியிருக்கிறது. சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தவரை சென்னை. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபின் 1954 ஜூலையிலிருந்து குண்டூர். 1956 நவம்பரிலிருந்து ஹைதராபாத். 2019 ஜனவரி 1 முதல் அமராவதி. திருப்பதி 2022 ஏப்ரலில் தனி மாவட்டமாயிற்று. வரி மேல்முறையீட்டிற்கு ஹைதராபாத் அமர்வுக்கும், குற்ற வழக்கை நீக்கக் கோரி அமராவதிக்கும் செல்ல நேர்வது அலைச்சல்தான். சென்னைக்கு ரயிலேறிச் சென்று மாலையில் திரும்பிய பாட்டன்மார் கண்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்! ஆயினும் இரு திசையில் இரு கதவுகள் இருப்பதே, இரண்டும் ஒன்றல்ல என்பதை நினைவூட்டவும் செய்கிறது.

உயர்நீதிமன்றமும் இவ்வதிகாரத்தைத் தாராளமாக எடுத்து வீசுவதில்லை. சாட்சியத்தை நிறுத்துப் பார்க்கும் வேலையை அது விசாரணை நீதிமன்றத்திற்கே விட்டுவிடும். தீர்ப்பாயத்தின் முடிவால் அடித்தளமே போய்விட்டது என்று காட்டினால்தான் கதவு திறக்கும். இதுவன்றி, துறையாரே கட்டணம் பெற்றுக்கொண்டு குற்றத்தை இணக்கமாகத் தீர்த்துவைக்கும் ஏற்பாடும் 279ஆம் பிரிவில் வகுக்கப்பட்டது; வழக்குத் தொடுக்குமுன்னும் பின்னும் அதனைக் கோரலாம் என்பது அதன் விதி.

தீர்ப்பாயத்தின் துணை அதிகாரத்தால் எட்ட இயலாத ஒன்றைத் துறையே தன் கையால் ஓரளவு செய்திருக்கிறது என்பது இவ்வரலாற்றில் சுவையான பகுதி. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2019 செப்டம்பர் 9ஆம் நாள் வெளியிட்ட 24/2019 எண்ணுள்ள சுற்றறிக்கையில், வரி ஏய்க்க முயன்றதற்கான குற்ற வழக்கை, தண்ட ஆணையைத் தீர்ப்பாயம் உறுதி செய்த பின்னரே தொடுக்க வேண்டும் என்று தன் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டது. தொகை 25 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளில் உயர் அதிகாரிகள் இருவரைக் கொண்ட குழுவின் முன் ஒப்புதலும் வேண்டும் என்றது. எல்லாக் குற்ற வகைகளுக்கும் இது பொருந்தாது. இது நடுவரை நோக்கிய கட்டளையும் அன்று. எனினும் இத்தகைய நெறிமுறைகள் வெறும் காகிதம் அல்ல என்பது 2025 ஆகஸ்டில் விளங்கிற்று. சென்னையில் எழுந்த வழக்கொன்றில், துறை தானே வகுத்த நெறிமுறைகளைப் பொருட்படுத்தாமல் வழக்குத் தொடுத்ததை ஒரு காரணமாகக் கொண்டு உச்ச நீதிமன்றம் குற்ற வழக்கை நீக்கியது. ஆகவே அழைப்பாணை கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவற்றுள் ஒன்று, முறையீடு எந்த நாளில் தொடுக்கப்பட்டது, அந்நாளில் தீர்ப்பாயத்தின் முன் தண்ட ஆணை எந்நிலையில் இருந்தது என்பது. திருப்பதி அன்பரின் காகிதங்களை நாம் புரட்டியபோது, அவருடைய மேல்முறையீடு முடிவாகுமுன்பே முறையீடு தொடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. தடை ஆணையைவிட அவருக்கு அதிகம் பயன்படக்கூடிய செய்தி அதுதான். அவர் அதைக் கவனித்திருக்கவேயில்லை.

நாம் வழக்கறிஞர் அல்லோம். மொழி சொல்வதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அழைப்பாணையில் உள்ள நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தோம். நேரில் வர இயலாத காரணம் இருந்தால் அதனை முன்கூட்டிக் கூறி விலக்குக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு என்றும், கேட்காமல் இருந்துவிடுவது விலக்கு ஆகாது என்றும் சொன்னோம். அவர் திருப்பதியிலேயே ஒரு குற்றவியல் வழக்கறிஞரை அமர்த்திக்கொண்டு குறித்த நாளில் சென்றார். தீர்ப்பாயத்தின் தடை ஆணை, மேல்முறையீட்டு மனுவின் நகல், 2019ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஆகிய மூன்றும் ஒரு மனுவோடு தாக்கலாயின. நடுவர் பிணையில் விடுவித்து, மனுவுக்குத் துறையின் பதிலைக் கேட்டு வழக்கை ஆறு வாரத்திற்குத் தள்ளிவைத்தார். ஹைதராபாத்தில் மேல்முறையீடு இன்னும் விசாரணைக்கு வரவில்லை.